டெண்டர் தாளில் நம் தெரு எங்கே?

ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணிக்கு நாலா பக்கமிருந்தும் சிறப்புப் பேருந்துகள் விடுகிறார்கள். காவடி எடுத்து வருகிறவர்களுக்கு அரசு வண்டி ஏற்பாடு செய்வதில் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை. அந்த வண்டிகளில் நம் மக்களும்தான் வருகிறார்கள். ஆனால் அதே மலையை நாள்தோறும் வாசலில் நின்று பார்க்கிற காலனிக்கு, காலையில் ஒரு சிங்கிள், மாலையில் ஒரு சிங்கிள் விடுங்கள் என்று மனு கொடுத்தால் மட்டும் ஒரே பதில் வருகிறது: "அந்த ரூட்டில் கலெக்ஷன் இல்லைங்க."

களப்பணிக்காக நாங்கள் போய்வரும் ஊர்களில் ஒன்றைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், அங்கிருக்கிற பிள்ளைகள் நாளையும் அதே வண்டியில்தான் ஏற வேண்டும். டவுன் பஸ் ஊருக்குள் வந்து மாரியம்மன் கோயில் அருகே திரும்பிப் போய்விடும். காலனி அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். தார் சாலை இருக்கிறது, வண்டி திருப்ப இடமும் இருக்கிறது. பஸ் மட்டும் வராது. காலனிப் பிள்ளைகள் ஊர்த் தெருவைக் கடந்து, கல்வெட்டு மேல் உட்கார்ந்திருக்கும் இளவட்டங்களின் கண்ணையும் வாயையும் கடந்து, நிறுத்தத்துக்கு வர வேண்டும். மாலையில் இருட்டிய பிறகு அதே வழியில் திரும்ப வேண்டும். கல்லூரியில் இடம் கிடைத்த ஒரு தங்கை முதல் ஆண்டோடு நின்றுவிட்டாள். படிப்பு வராமல் இல்லை, அந்த ஒன்றரை கிலோமீட்டர்தான் காரணம். இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. விடியற்காலையில் கம்பெனி பஸ் வருகிறது. எங்கே வருகிறது தெரியுமா? காலனி முனைக்கே வருகிறது.

அதுவும் காண்டிராக்ட் பஸ்தான். தனியார் முதலாளியின் வண்டி, தனியார் டிரைவர். அவருக்குக் காலனி மீது தனிப் பாசம் ஒன்றும் கிடையாது. ஆள் ஏற்ற வேண்டிய இடம் இது, நேரம் இது என்று கம்பெனி போட்ட ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அதனால் வருகிறார். கம்பெனிக்கு அந்தத் தங்கையின் உழைப்பு வேண்டும், எழுதி வாங்கிக்கொண்டது. அவள் படிப்பு வேண்டும் என்று எந்த அரசு ஒப்பந்தமும் எழுதவில்லை.

தோழர்களே, இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான். அரசுப் பேருந்தில் தனியார் ஒப்பந்தம் நுழைந்துகொண்டிருக்கிறது. அதை ஏதோ கணக்குப்பிள்ளை சமாச்சாரம், தொழிற்சங்கத்துக்காரர் பார்த்துக்கொள்வார் என்று நாம் விட்டுவிட்டோம். அந்த டெண்டர் தாளில்தான் பஸ் நம் தெருவுக்கு வருமா, ஸ்டியரிங்கில் நம் பிள்ளை உட்காருமா, நம் அம்மா காசில்லாமல் ஏற முடியுமா என்ற மூன்றும் முடிவாகின்றன. அதை நாம் படிக்க வேண்டும், அதில் நாம் எழுத வேண்டும்.

கிலோமீட்டருக்குக் காசு

முதலில் கணக்கைப் புரிந்துகொள்வோம். தமிழ்நாட்டில் எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் சுமார் 20 ஆயிரம் வண்டிகளை ஓட்டுகின்றன. நம் திருத்தணிப் பக்கம் விழுப்புரம் கழகத்தின் வண்டிகள். இவற்றோடு தனியாருக்குப் பெர்மிட் கொடுத்து ஓடும் பேருந்துகளும் மினி பஸ்களும் தொன்றுதொட்டு உண்டு. பெர்மிட் முறையில் முதலாளி தன் வண்டியை ஓட்டுவார், டிக்கெட் காசு அவருக்கே, லாபமும் நட்டமும் அவருக்கே. அதனால் ஆள் அதிகம் நிற்கும் இடத்துக்கு முண்டியடிப்பார், ஆள் குறைந்த இடத்துக்கு 'வண்டி ரிப்பேர்' என்பார்.

இப்போது வந்திருப்பது வேறு முறை. மொத்தச் செலவு ஒப்பந்தம் என்கிறார்கள். வண்டியும் டிரைவரும் பராமரிப்பும் ஒப்பந்தக்காரருடையது. டிக்கெட் காசு கழகத்துக்குப் போகும். ஒப்பந்தக்காரருக்கு ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கொடுத்துவிடும். யார் குறைந்த தொகை கேட்கிறாரோ அவருக்கு டெண்டர். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டிப்போவில் தொடங்கிவைக்கப்பட்ட சென்னையின் 120 மின்சாரப் பேருந்துகள் இந்த முறையில்தான் ஓடுகின்றன. உலக வங்கி ஆதரவோடு வந்த திட்டம். கண்டக்டர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் ஆள், டிரைவர் தனியார் நிறுவனத்தின் ஆள். ஒரே வண்டியில் முன்னும் பின்னும் இரண்டு விதமான தொழிலாளர்கள்.

நமக்கு இது சென்னைச் செய்தி மட்டும் இல்லை. திருத்தணி பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஆந்திர வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆந்திரப் போக்குவரத்துக் கழகம் பல ஆண்டுகளாக டெண்டர் விட்டு வாடகை வண்டிகளை எடுத்து ஓட்டுகிறது. வண்டியும் டிரைவரும் தனியார், கண்டக்டர் கழகம், கிலோமீட்டருக்கு இவ்வளவு. எல்லைக்கு அந்தப் பக்கம் பழகிய முறை இந்தப் பக்கம் வர எத்தனை நாள் ஆகும்?

இந்த முறையில் ஒரு நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. டிக்கெட் காசு முதலாளிக்குப் போகாததால், 'கலெக்ஷன் இல்லை' என்ற சாக்கு செத்துப்போகிறது. ஆளில்லாத தடத்திலும் ஓட்டினால் அவருக்குப் பணம் வரும். ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தைப் பாருங்கள். காசு கிலோமீட்டருக்கு. நின்றதற்குக் காசு இல்லை, ஏற்றியதற்குக் காசு இல்லை. காலனி நிறுத்தத்தில் கை காட்டும் அம்மாவைத் தாண்டிப் போனாலும் மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நிறுத்தாவிட்டால் இவ்வளவு பிடித்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதி, அதை யாராவது கண்காணித்தால் மட்டும்தான் பிரேக்கில் கால் போகும். எழுதாவிட்டால் ஒப்பந்தக்காரர் மீது குற்றம் சொல்லக்கூட நமக்கு வழி இருக்காது. அவர் தாளைக் காட்டுவார்.

வண்டிக்கும் சாதி உண்டு

சிலர் கேட்பார்கள், பஸ்ஸில் என்னப்பா சாதி, அது நடக்கிறவர் எல்லாருக்கும் பொதுவான வண்டிதானே என்று. அவர்களுக்கு மூன்று செய்திகள்.

முதலாவது 1901. சிறுவன் பீமராவ் தன் அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் புறப்படுகிறார். மசூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினால் அப்பா வரவில்லை. வாடகை மாட்டு வண்டிகள் நிற்கின்றன. மகர் சாதிப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஒருவரும் ஏற்றமாட்டேன் என்கிறார்கள். கடைசியில் இரண்டு மடங்கு வாடகை, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், வண்டிக்காரர் கூட நடந்து வருவார் என்று பேசி முடிகிறது. அம்பேத்கர் இதைத் தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். அதையும் ஒரு ஒப்பந்தம் என்றுதான் சொல்ல வேண்டும். தனியார் வண்டி, இரு தரப்புச் சம்மதம், சந்தை தீர்மானித்த விலை. சாதிக்கு என்ன விலை என்பதைச் சந்தை சரியாகவே கணக்குப் போட்டது: இரண்டு மடங்கு.

இரண்டாவது நம் மாநிலத்து வரலாறு. பஸ் புதிதாக ஓடத் தொடங்கிய காலத்தில் தனியார் பஸ் முதலாளிகள் பலர் ஆதி திராவிடர்களை ஏற்ற மறுத்தார்கள். இராமநாதபுரம் ஜில்லா போர்டுக்குத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் என்ன செய்தார்? முதலாளிகளைக் கூப்பிட்டுக் கருணை காட்டச் சொல்லிக் கெஞ்சவில்லை. ஆதி திராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். பஸ் கதவு திறந்தது. கிட்டத்தட்ட நூறு ஆண்டுக்கு முன்பே நம் மண்ணில் ஒருவர் கண்டுபிடித்த வழி இது: சாலை பொதுச் சொத்து, அதில் ஓட அனுமதி கொடுப்பது பொது நிர்வாகம், ஆகவே நிபந்தனையைப் பொது நிர்வாகம் எழுதலாம்.

மூன்றாவது நம்மில் பலர் பிறக்கும் முன்போ, கைக்குழந்தையாக இருந்தபோதோ நடந்தது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. பட்டியல் சாதியில் பிறந்த ஒரு வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். தென் மாவட்டங்களில் கலவரம், உயிர்ப்பலி. அரசு என்ன செய்தது? அந்த ஒரு பெயரைக் காப்பாற்றத் துணிவில்லாமல், பல்லவன், சேரன், பாண்டியன், பெரியார் என்று எல்லாப் பெயர்களையும் 1997 ஜூலையில் எடுத்துவிட்டது. இன்று நம் பஸ்ஸின் பக்கவாட்டில் 'அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்று வெறுமனே எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நினைவில் வையுங்கள். அந்தப் பெயரில்லாத பலகையே சாதி எழுதியதுதான்.

இப்போது இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். சந்தை சாதியை ஒழிக்கவில்லை, விலை போட்டது. அரசு வண்டி என்பதாலேயே சாதி ஒழியவில்லை, பெயரைக் கூடத் தாங்க முடியவில்லை. வேலை செய்தது ஒன்றுதான்: எழுத்தில் போட்ட நிபந்தனையும், மீறினால் லைசென்ஸ் போகும் என்ற பயமும்.

குறைந்த விலை யார் முதுகில்?

டெண்டரில் குறைந்த தொகை கேட்பவர் ஜெயிப்பார். சரி, எதைக் குறைப்பார்? வண்டியின் விலை எல்லாருக்கும் ஒன்று. மின்சாரமும் டீசலும் ஒரே விலை. வங்கி வட்டியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. டயரைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்கலாம். மிச்சம் இருப்பது ஆள் கூலி. டிரைவரின் சம்பளம், அவருடைய ஓய்வு நேரம், அவருடைய பி.எஃப்., இரவு டிப்போவில் படுக்க ஒரு இடம். 'திறமையான நிர்வாகம்' என்று பத்திரிகைகள் எழுதுவதில் பெரும்பங்கு இதுதான்.

நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் தனியார் பஸ் கம்பெனிகள் நாட்டுடைமையாகிப் போக்குவரத்துக் கழகங்கள் உருவானபோது, அதனோடு இடஒதுக்கீடும் வந்தது. இன்றைய கணக்கில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. நம் காலனிகளில் வழி கேட்டால் 'டிரைவர் வீட்டுக்கு எதிரில்', 'கண்டக்டர் வீட்டுக்குப் பின்னால்' என்று இன்றும் அடையாளம் சொல்வார்கள். நிலமில்லாத தெருவில் மாதச் சம்பளம், பென்ஷன், பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் என்று முதன்முதலில் பார்த்த வீடுகள் அவை. இதைப் படிக்கிற உங்களில் சிலர் அந்த வீட்டுப் பிள்ளைகளாகவே இருப்பீர்கள். அந்தக் காக்கிச் சட்டைக்கு ஊர்த் தெருவில் ஒரு மரியாதையும் இருந்தது. சில்லறை இல்லையென்றால் நாட்டாமையையும் 'இறங்குங்க' என்று சொல்ல ஒரு கண்டக்டருக்கு அதிகாரம் இருந்தது.

டெண்டரில் போகும் டிரைவர் வேலைக்கு இடஒதுக்கீடு கிடையாது. ஒரு கையெழுத்தில், சட்டத்தை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல், சட்டமன்றத்தில் ஒரு நிமிட விவாதம் இல்லாமல், அந்த இடங்கள் பட்டியலிலிருந்து மறைகின்றன. 69 விழுக்காட்டை ஒன்பதாவது அட்டவணையில் பூட்டி வைத்திருக்கிறோம் என்று மேடையில் பேசுகிறார்கள். பூட்டு பத்திரமாக இருக்கிறது, வேலை பின் வாசல் வழியாகப் போகிறது.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. பக்கத்துக் கர்நாடகம் அரசு ஒப்பந்தச் சட்டத்தைத் திருத்தி, குறிப்பிட்ட தொகை வரையிலான பணிகளில் பட்டியல் சாதி, பழங்குடி ஒப்பந்தக்காரர்களுக்கு ஒதுக்கீடு கொடுத்தது. 50 லட்சத்தில் தொடங்கிய வரம்பைப் பிறகு உயர்த்தவும் செய்தது. 2024இல் அரசுத் துறைகளின் வெளி ஒப்பந்த வேலைகளிலும் இடஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. ஒன்றிய அரசின் கொள்முதல் கொள்கையிலேயே பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் சிறு தொழில்களிலிருந்து 4 விழுக்காடு வாங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. அதைத் திருத்த ஒரு மசோதா போதும். சமூகநீதியின் தாயகம் என்று பெருமை பேசுகிற மாநிலம் இதில் கர்நாடகத்துக்குப் பின்னால் நிற்பது எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மாவின் பயணம்

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வை அரசே மேற்கோள் காட்டுகிறது. செங்கல் சூளைக்கும், மாந்தோப்புக்கும், வீட்டு வேலைக்கும் போகிற நம் அம்மாக்களுக்கு 888 ரூபாய் என்பது ஒரு மாத மளிகையில் பாதி. இதை 'ஓசி' என்று மேடையில் சொன்ன அமைச்சரும் உண்டு. அது ஓசி இல்லை. பெண்கள் ஏறுகிற ஒவ்வொரு பயணத்துக்கும் அரசு கருவூலத்திலிருந்து கழகத்துக்கு ஈடு கொடுக்கிறது. நாம் வாங்கும் சோப்புக்குக் கட்டிய வரிதான் அது.

ஆனால் இந்தச் சலுகை அரசு வண்டியில்தான். 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் புதிய மினி பஸ் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். பஸ் போகாத கிராமங்களுக்குப் பஸ் விடுவதே நோக்கம் என்றார்கள். நல்ல நோக்கம். ஒரே தடத்துக்குப் பலர் கேட்ட இடங்களில் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் குலுக்கல் போட்டுப் பெர்மிட் கொடுத்தார்கள். ஆனால் வண்டி தனியாருடையது, தொடங்கியபோது பெண்களுக்கு இலவசப் பயணம் அதில் இல்லை. இதன் பொருள் என்ன? ஊர்த் தெருவுக்கு அரசு பஸ், அங்கே இருக்கும் அம்மா காசில்லாமல் போவார். பஸ்ஸே போகாத கடைக்கோடிக் காலனிக்கும் இருளர் குடியிருப்புக்கும் மினி பஸ், அங்கே இருக்கும் அம்மா டிக்கெட் எடுக்க வேண்டும். யாருக்கு வசதி குறைவோ அவரிடமே காசு. மசூர் ஸ்டேஷன் மாட்டு வண்டி ஞாபகம் வருகிறதா?

மினி பஸ்ஸில் டிக்கெட் காசு முதலாளிக்கே போவதால் பழைய நோயும் கூடவே வரும். 1997இல் வந்த முதல் மினி பஸ் திட்டத்தில் தடம் 20 கிலோமீட்டர், அதில் 16 கிலோமீட்டர் பஸ் இல்லாத பகுதியாக இருக்க வேண்டும் என்று விதி. பல தடங்களில் வண்டி மெல்ல மெல்ல மெயின் ரோட்டுப் பக்கமே சுற்றியது, பிறகு நின்றும் போனது. முதலாளிகளைத் திட்டிப் பயன் இல்லை. நட்டத்தில் யார் ஓட்டுவார்? நட்டமாகும் தடத்துக்கு மானியம் கொடுங்கள், கொடுத்த மானியத்துக்குக் கணக்குக் கேளுங்கள், பெண்களின் பயணத்துக்கு அரசுக் கழகத்துக்குக் கொடுக்கும் ஈட்டை மினி பஸ்ஸுக்கும் கொடுங்கள் என்பதே எங்கள் வாதம். எல்லைக்கு அந்தப் பக்கமும் 2025 ஆகஸ்ட் 15 முதல் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்துவிட்டது. நகரிப் பக்கத்து அம்மாவுக்கும் பள்ளிப்பட்டுப் பக்கத்து அம்மாவுக்கும் கிடைப்பது, நடுவில் மினி பஸ் மட்டும் ஓடும் காலனி அம்மாவுக்கு ஏன் இல்லை?

எதிர்க்கேள்விகள்

'அரசுக் கழகம் நட்டத்தில் ஓடுகிறது, வேறு என்ன செய்வது?' என்பார்கள். 2018 ஜனவரிக்குப் பிறகு தமிழ்நாட்டில் சாதாரணப் பேருந்துக் கட்டணம் உயர்த்தப்படாமலே பல ஆண்டுகள் ஓடின. அது மக்களுக்கு நல்லதுதான். ஆனால் டீசல் ஏறியது, உதிரிப் பாகம் ஏறியது. கட்டணத்தைக் கட்டிவைத்துவிட்டு வித்தியாசத்தை முழுதாகக் கொடுக்காமல், பிறகு 'நட்டம்' என்று பெயர் வைப்பது எந்த ஊர் நியாயம்? பள்ளிக்கூடம் நட்டத்தில் நடக்கிறது என்று யாராவது சொல்கிறோமா? ஆந்திரத்தில் 2020 ஜனவரி 1 முதல் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களை அரசு ஊழியர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். வாடகை வண்டி டெண்டரை நமக்குக் கற்றுக்கொடுக்கும் அதே மாநிலம் இதையும் செய்திருக்கிறது. ஒன்றைக் காப்பியடித்து மற்றொன்றைப் பார்க்காதது போல் இருப்பது வசதியான பார்வை.

'அரசு பஸ் மட்டும் காலனியில் நிற்கிறதா?' என்று நம் தோழர்களே கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாம் தொடங்கியதே நிற்காத அரசு பஸ்ஸில்தான். மாரி செல்வராஜின் 'கர்ணன்' பார்த்துவிட்டு தியேட்டரில் விசில் அடித்தோமே, அந்த ஊருக்கு நிற்காத பஸ் எது என்று யோசித்துப் பாருங்கள். பொதுத்துறை என்ற சொல்லைக் கேட்டதும் கும்பிடு போடுகிறவர்கள் அல்ல நாங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 1963இல் நடந்ததைப் படியுங்கள். கறுப்பினத்தவரையும் ஆசியரையும் டிரைவராக, கண்டக்டராக எடுக்கமாட்டோம் என்றது அங்கே ஒரு பஸ் நிறுவனம். அது அரசுக்குச் சொந்தமான நிறுவனம். தொழிற்சங்கக் கிளையும் அந்தத் தடைக்குத் துணை நின்றது. கறுப்பின இளைஞர்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள், நான்கு மாதங்களில் தடை உடைந்தது. இரண்டு ஆண்டில் அந்த நாட்டின் முதல் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. பொதுத்துறையும் தானாக நீதி செய்யாது, தொழிற்சங்கமும் தானாக நம் பக்கம் நிற்காது என்பதே பிரிஸ்டல் சொல்லும் பாடம்.

அதனால் தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. தனியார்மயத்தை எதிர்த்து நீங்கள் நடத்தும் போராட்டத்தில் நாங்களும் நிற்கிறோம். ஆனால் உங்கள் கோரிக்கைப் பட்டியலில் சம்பளம் இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, காலனி நிறுத்தம் எங்கே? இடஒதுக்கீடு ஏழாவது எட்டாவது கோரிக்கையாகக்கூட ஏன் இல்லை? அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தால், வேலைநிறுத்தத்தன்று பஸ் வராமல் திட்டுகிற எங்கள் தெரு உங்களோடு வந்து உட்காரும்.

'டெண்டர் என்றாலே கெட்டதா?' என்று இன்னொரு கேள்வி. அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1986இல் லண்டனுக்கு வெளியே பஸ்களைச் சந்தையிடம் முழுதாக அவிழ்த்துவிட்டார்கள். எந்தத் தடத்தில் ஓடுவது, என்ன கட்டணம் என்பதை முதலாளிகளே முடிவு செய்தார்கள். மான்செஸ்டர் பகுதி நிர்வாகம் அதை அனுபவித்துச் சலித்துப்போய், 2023 செப்டம்பர் முதல் 2025 ஜனவரிக்குள் படிப்படியாக எல்லா பஸ்ஸையும் பொதுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. வண்டி ஓட்டுவது இன்னும் தனியார்தான், டெண்டர்தான். ஆனால் தடமும் நேரமும் கட்டணமும் மக்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகம் எழுதுவது. அரசே ஓட்டுவதுதான் எங்கள் முதல் விருப்பம். டெண்டர்தான் என்று அரசு முடிவெடுத்தால், எழுதும் பேனா யார் கையில் என்பதே எங்கள் கேள்வி.

எழுத வேண்டிய மூன்று வரி

ஒன்று, நிறுத்தம். பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளின் வாசல் நிறுத்தங்கள் ஒப்பந்தத்திலும் பெர்மிட்டிலும் பெயர் சொல்லி இடம்பெற வேண்டும். நிற்காமல் போனால் அந்த டிரிப்பின் முழுத் தொகையும் பிடித்தம், தொடர்ந்து நடந்தால் ஒப்பந்தம் ரத்து. பொது வண்டியைப் பயன்படுத்தத் தீண்டாமையின் பெயரால் தடை போடுவது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் ஏற்கெனவே குற்றம். அதை டெண்டர் மொழியில் திரும்பச் சொல்லச் சொல்கிறோம், அவ்வளவே.

இரண்டு, வேலை. அரசு மானியத்தில் ஓடும் ஒவ்வொரு வண்டியின் டிரைவர், மெக்கானிக் வேலைகளிலும் 18ம் 1ம் கட்டாயம். ஆள் கூலியைப் போட்டியிலிருந்து வெளியே எடுங்கள். கழகத்து டிரைவரின் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, மிச்சத்தில் போட்டி போடட்டும்.

மூன்று, பயணம். பொதுப் பணமோ பொதுப் பெர்மிட்டோ பெற்று ஓடும் எந்த உள்ளூர் வண்டியானாலும், மினி பஸ் உட்பட, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கான ஈட்டை அரசு கொடுக்கட்டும்.

இதை எழுதவைப்பது எப்படி? உங்கள் ஊரிலிருந்தே தொடங்குங்கள். காலனி முனையிலிருந்து இப்போது பஸ் நிற்கும் இடம் வரை தூரத்தை அளங்கள், போனிலேயே அளக்கலாம். ஒரு வாரம் எந்த டிரிப் வந்தது, எது கட் ஆனது, எங்கே நின்றது என்று நோட்டில் குறியுங்கள். உங்கள் தடத்தின் பெர்மிட் நகலையும் அங்கீகரிக்கப்பட்ட நிறுத்தங்களின் பட்டியலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சில ஊர்களில் வண்டி காலனிவரை போக வேண்டும் என்று தாளில் இருக்கும், நடைமுறையில் கோயிலடியில் திரும்பிக்கொண்டிருக்கும். அது தெரிந்தால் பாதி வெற்றி. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் தீர்மானம் போட வையுங்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், படம் எடுங்கள். அந்த நகலோடு திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். பெர்மிட் கோப்பு போவது அந்த அலுவலகத்துக்கும்தான்.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. ஒரு எல்லைக் கோட்டை நகர்த்தப் பல ஆண்டுகள் போராடி, சிறை சென்று, உயிரையும் கொடுத்த பகுதி இது. அந்தக் கோடு நகர்ந்தது. நாங்கள் கேட்பது பஸ் திரும்பும் இடத்தை மாரியம்மன் கோயிலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நகர்த்த. அந்தத் தங்கையின் தம்பி இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. அவன் கல்லூரிக்குப் போக இரண்டு ஆண்டு இருக்கிறது. அதற்குள் அந்த நிறுத்தம் தாளில் ஏற வேண்டும். அடுத்த கிராம சபைக்கு நாங்கள் போகிறோம். உங்கள் ஊரில் நீங்கள் போங்கள்.